பங்குதாரர் விலகலுக்கான சமரச, மதிப்பீட்டுச் சேவை: ஒரு மதிப்புரை

நண்பரும் நானும் 60:40 என்ற பங்கு விகிதத்தில் 8 ஆண்டுகள் நடத்திய சிறு நிறுவனத்திலிருந்து நான் விலக முடிவு செய்தபோது, எங்களிடையே ஒப்பந்தம் என்று ஒரு தாள்கூட இருக்கவில்லை. என் பங்குக்கு என்ன விலை என்ற ஒரே கேள்வியில் பேச்சு நின்றுபோன பிறகே, தணிக்கையாளர் ஒருவரும் சமரசம் செய்பவர் ஒருவரும் சேர்ந்து நடத்தும் இந்தச் சேவையை நாடினோம்.

முதல் அமர்வில் ஒரு வெள்ளைத் தாளில் மூன்று கட்டங்கள் போட்டு, பங்குதாரர், இயக்குநர், ஊழியர் என்று எழுதினார்கள். இயக்குநர் பதவியையும் வேலையையும் ஒரு கடிதத்தில் துறந்துவிடலாம். பங்குகள் அதனால் கைமாறிவிடுவதில்லை, எழுத்தில் ஏதும் இல்லாத நிலையில் நண்பர் அவற்றை வாங்கியே தீர வேண்டும் என்ற கட்டாயமும் பொதுவாக இல்லை என்பது அன்றுதான் எனக்கு விளங்கியது. (ராஜினாமாக் கடிதம் என் மின்னஞ்சல் வரைவில் தயாராக இருந்ததை அவர்களிடம் நான் சொல்லவில்லை.)

மதிப்பீட்டில் அவர்கள் காட்டிய பொறுமைக்கே கட்டணத்தில் பாதி தகும். சொத்தில் கடனைக் கழித்து வந்த தொகை, ஆண்டு லாபத்தை அடிப்படையாகக் கொண்டு வந்த தொகையில் பாதிகூட இல்லை. எங்களிடம் இருந்தவை கணினிகளும் நாற்காலிகளும், வாடிக்கையாளர்களின் நம்பிக்கையும்தானே. கட்டுப்பாட்டு உரிமை இல்லாத 40 சதவீதத்துக்கு வெளியார் குறைத்தே விலை தருவார்கள் என்று நண்பர் வாதிட்டபோது, வாங்கியதும் முழு உரிமையாளராகிவிடுபவருக்கு அந்தக் கழிவு அப்படியே பொருந்தாது என்று தணிக்கையாளர் நிதானமாக விளக்கினார். தொடக்க ஆண்டில் நான் போட்ட பணம் பங்கு மூலதனமாக அல்லாமல் இயக்குநர் நிறுவனத்துக்குத் தந்த கடனாகப் பதிவாகியிருந்ததையும், அது பங்கு விலைக்கு அப்பாற்பட்டுத் திரும்ப வரவேண்டியது என்பதையும் பழைய இருப்புநிலைக் குறிப்பிலிருந்து கண்டெடுத்தவரும் அவரே. எனக்கு அது மறந்தே போயிருந்தது.

குறை இல்லாமல் இல்லை. ஒருவர் விலை சொல்ல, அதே விலைக்கு வாங்குவதா விற்பதா என்று மற்றவர் தேர்ந்தெடுக்கும் முறையைச் சமரசம் செய்பவர் திரும்பத் திரும்பப் பரிந்துரைத்தார். கையில் பணம் உள்ளவருக்கே அது சாதகம் என்பதால் நான் மறுத்தேன். அதைவிடப் பெரிய குறை விலகல் ஒப்பந்தத்தின் முதல் வரைவில் இருந்தது. நிறுவனத்தின் வங்கிக் கடனுக்கு நான் தந்திருந்த சொந்த ஜாமீனைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. பங்கை விற்றாலும் அந்த ஜாமீன் தானாக நீங்காது, வங்கி எழுத்தில் விடுவிக்க வேண்டும் என்பதை நானே எடுத்துச் சொல்லவேண்டியிருந்தது. என் பங்குக்கான விலையை நண்பர் தவணை தவறிவிட்டால் என்ன ஆகும் என்பதும் இரண்டாம் வரைவில்தான் சேர்ந்தது. விடுபட்டதைச் சேர்க்க நடந்த 2 அமர்வுகளுக்கும் மணிக்கணக்கில் கட்டணம் வாங்கியது நியாயமாகப் படவில்லை.

இருவரும் ஒரே மேசையில் உட்கார ஒப்புக்கொண்டால் மட்டுமே இந்தச் சேவை பயன்படும். வரமறுப்பவரை இழுத்துவரும் அதிகாரம் இவர்களுக்கு இல்லை. நாங்கள் உட்கார்ந்தோம். வங்கியின் விடுவிப்புக் கடிதம் வர 11 வாரங்கள் ஆயின. அதைக் கையில் வாங்கிய பிறகே பங்கு மாற்றப் படிவத்தில் கையெழுத்திட்டேன்.