எம் (M) வகை கோல்ட் (cold) பிராண்ட் சாயம்: துணியில் படைப்பவர்கள் வாங்கலாமா?

துணி மேல் அக்ரிலிக் பூசிக் காயவிட்டு அதன்மேல் காந்தா தையல் (வங்காளத்து ஓட்டுத் தையல்) போட்டவர்களுக்கு ஊசி எப்படித் திணறும் என்று தெரியும். பெயின்ட் ஒரு தோல் மாதிரி மேலே படிந்துவிடும். ஊசி இறங்கிய இடமெல்லாம் ஓட்டை தெரியும். தையல், ஒட்டுத்துணி, காகிதம், பெயின்ட் எல்லாவற்றையும் ஒரே படைப்பில் சேர்க்கிறவர்களுக்கு, அடித்துணியின் மென்மை கெடாமல் நிறம் ஏற்ற வேண்டும். அதற்கு எம் வகை ரியாக்டிவ் சாயத்தைவிட, அதாவது நூலிழையோடு வினைபுரிந்து ஒட்டும் சாயத்தைவிட, நல்லது எளிதில் கிடைக்காது.

பிரிட்டனின் ஐசிஐ நிறுவனம் 1956-இல் புரோசியான் என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்த வகை இது. வெளிநாட்டுத் துணிக் கலைஞர்கள் புரோசியான் எம்எக்ஸ் என்பார்கள். நம் ஊர் சாயக் கடையில் ‘கோல்ட் பிராண்ட்’ அல்லது ‘எம் டை’ என்று கேட்க வேண்டும். பொதுவாக ரியாக்டிவ் என்று மட்டும் கேட்டால் ஹெச் (H) வகை கைக்கு வரலாம். அதற்கு 80 டிகிரிச் சூடு தேவை. வாளியிலும் தட்டிலும் செய்கிற வேலைக்கு ஒத்துவராது.

பத்துப் பன்னிரண்டு நிறம் வாங்கிக் குவிக்க வேண்டாம். எல்லோ எம்4ஜி, ரெட் எம்8பி, புளூ எம்ஆர், டர்க்காய்ஸ் எம்ஜி, இந்த நான்கில் பெரும்பாலான நிறங்களைக் கலந்து எடுத்துவிடலாம். பச்சை, பழுப்பு, கறுப்பு என்று கடையில் கிடைப்பவை பெரும்பாலும் கலவைகள்தான். சந்தேகம் இருந்தால் ஈரமான டிஷ்யூ காகிதத்தில் ஒரு சிட்டிகைக்கும் குறைவாகத் தூவிப் பாருங்கள். கலவை என்றால் கறுப்புத் தூளிலிருந்து சிவப்பும் நீலமும் தனித்தனிப் புள்ளிகளாக விரியும். ஈரத்துணியில் கறுப்பின் விளிம்பு ஊதாவாகப் பிரிவதும் இதனால்தான். சிலருக்கு அது தொல்லை. மடித்துக் கட்டிச் சாயமேற்றுகிறவர்களுக்கு அதுதான் அழகே.

சில்லறைப் பொட்டலத்தின் பெரிய குறை, எப்போது தயாரித்தது என்று தெரியாதது. எம் சாயம் காற்றின் ஈரத்தோடேயே மெல்ல வினைபுரிந்து வீரியம் இழக்கும். செத்த தூளும் பார்வைக்கு அப்படியேதான் இருக்கும். வாங்கிய அன்றே, சோடா ஆஷ் (சோடியம் கார்பனேட்) கரைசலில் நனைத்த துணித்துண்டில் பூசி, பிளாஸ்டிக்கில் சுற்றி ஒரு நாள் வைத்து, கொதிநீரில் அலசிப் பாருங்கள். நிறம் வெளிறினால் மாற்றிக் கொடுக்கச் சொல்லுங்கள். கடற்கரை ஊர்களில் 50 கிராமுக்கு மேல் வாங்கி வைப்பது வீண். மூடி இறுக்கமான டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் அவசியம்.

முறை இப்படி. பருத்தித் துணியைக் கஞ்சி போக வெந்நீரில் துவைத்துவிடுங்கள். கஞ்சி இருந்தால் சாயம் அதைப் பிடிக்கும், நூலைப் பிடிக்காது. 1 லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் சோடா ஆஷ் கரைத்து, துணியை 15 நிமிடம் ஊறவைத்துப் பிழியுங்கள். ஆப்ப சோடா சூடு காட்டாத இந்த முறைக்கு உதவாது, காரம் போதாது. சாயத்தைத் தனியாக 100 மில்லிக்கு 2 கிராம் என்று கரையுங்கள், அடர்நிறம் வேண்டுமானால் 4 கிராம். இரண்டையும் ஒரே பாத்திரத்தில் கலந்து வைத்துக்கொண்டு வேலை செய்வதுதான் அதிகம் நடக்கும் தவறு. சோடா சேர்ந்த கணத்திலிருந்து சாயம் துணியோடு மட்டுமல்ல, தண்ணீரோடும் வினைபுரியும். ஒரு மணி நேரத்தில் நன்றாகவே பலம் குறைந்துவிடும். சோடா சேராத கரைசல் ஃபிரிட்ஜில் ஓரிரு வாரம் தாங்கும்.

பூசிய துணி காயவே கூடாது. ஈரம் போனால் வினை நின்றுவிடும். பிளாஸ்டிக் போர்த்தி 24 மணி நேரம் விடுங்கள். 30 டிகிரி வெயில் ஊரில் மற்ற நிறங்கள் சீக்கிரமே பிடித்துவிடும். டர்க்காய்ஸுக்குத்தான் முழு நேரமும் வேண்டும். ஈரம் தங்குவதற்குக் கரைசலில் லிட்டருக்கு 100 கிராம் யூரியா சேர்ப்பார்கள். உரக்கடை யூரியா வேண்டாம். 2015 முதல் நம் நாட்டில் அது வேப்பெண்ணெய் பூசித்தான் வருகிறது, எண்ணெய்ப் பிசுக்கும் வாடையும் துணியில் ஏறும். கெமிக்கல் கடையில் டெக்னிக்கல் கிரேடு என்று கேளுங்கள்.

தூரிகைக்கோ ஸ்கிரீன் அச்சுக்கோ கெட்டியாக வேண்டுமென்றால் சோடியம் ஆல்ஜினேட் (கடற்பாசியில் எடுக்கும் பசைத்தூள்) மட்டும்தான். மைதாவும் சோளமாவும் ஆகாது. சாயம் மாவோடேயே ஒட்டிக்கொண்டு, அலசும்போது அதோடு போய்விடும்.

இப்படிப் பல பொருள்களைச் சேர்த்து மிக்ஸ்டு மீடியா செய்கிறவர்களுக்கு இந்தச் சாயம் தரும் சலுகை ஒன்று உண்டு. வெள்ளைப் பருத்தித் துணியில் பாலியஸ்டர் நூலால் தைத்துவிட்டுச் சாயமேற்றினால் தையல் வெள்ளையாகவே நிற்கும். பருத்தி நூல் என்றால் துணியோடு சேர்ந்து நிறம் பிடிக்கும். இரண்டையும் கலந்து தைத்தால், சாயத்துக்குப் பிறகு ஒரு கோலம் மட்டும் எழுந்து தெரியும். அக்ரிலிக் மீடியம் பூசிய இடமும் சாயத்தைத் தடுக்கும். கந்தல் கூழில் செய்த கைக்காகிதமும் பருத்தியைப் போலவே செல்லுலோஸ் (தாவர நார்ப்பொருள்) என்பதால் நிறம் பிடிக்கும். ஆனால் காகிதத்தைத் துணி போல் கசக்கி அலச முடியாது. ஒட்டாமல் மிஞ்சிய சாயம் உள்ளேயே தங்கி, ஃபெவிகால் பட்டதும் கரைந்து பக்கத்துத் துணிக்கு ஏறும். காகிதத்துக்கு வேறு மை பார்ப்பதே நல்லது.

‘சாயம் போகிறது’ என்ற புகாரில் பாதிக்கு மேல் அலசலில் கோட்டைவிட்டதுதான். முதலில் பச்சைத் தண்ணீரில், வழவழப்பு போய் சோடா முழுக்க வெளியேறும் வரை. பிறகுதான் கொதிக்கக் கொதிக்க உள்ள நீரில் கொஞ்சம் சோப்புத் திரவம் சேர்த்துப் பத்து நிமிடம். நீர் தெளியும் வரை மறுபடி. கடைசியில் ஈர வெள்ளைத் துணியை மேலே வைத்துச் சூடான இஸ்திரிப்பெட்டியால் அழுத்துங்கள். கறை ஏறினால் இன்னொரு முறை அலச வேண்டும். போர் தண்ணீர் கடினநீராக இருந்தால் சோடா திரிந்து வெண்படலம் கட்டும். லிட்டருக்கு 1 கிராம் சோடியம் ஹெக்ஸாமெட்டாபாஸ்பேட் போட்டால் சரியாகும்.

வெளிச்சத்தைத் தாங்குவதில் மதிப்பெண் சுமார்தான். டர்க்காய்ஸ் நன்றாகத் தாக்குப்பிடிக்கும், எம்8பி சிவப்பு முதலில் வெளிறும், வெளிர்நிறங்கள் இன்னும் வேகமாக. ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் மாட்டப்போகிற படைப்பென்றால் வாங்குபவரிடம் சொல்லிவிடுவது நியாயம்.

தூள் மூச்சில் போனால் ஒவ்வாமையும் ஆஸ்துமாவும் வரலாம். வந்தால் அந்தச் சாயத்தை மறுபடி தொடவே முடியாமல் போகும். என்95 மாஸ்க், கையுறை, ஈரச் செய்தித்தாளின் மேல் டப்பா. ஃபேனை நிறுத்திவிட்டுத்தான் மூடியைத் திறக்க வேண்டும். கரைத்த பிறகு இந்த அபாயம் பெரிதும் இல்லை.

வாளியில் முக்கிச் சாயமேற்றுகிறவர்கள் லிட்டருக்கு 50 கிராம் உப்பும் போடுவார்கள். 2011 ஜனவரியில் உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதற்குப் பின்னால் நொய்யலில் கலந்த இந்த உப்பும் இருந்தது. கலைஞர்களின் அளவுக்கு, குறைந்த நீரில் சோடாவில் ஊறவைக்கும் மேற்சொன்ன முறை போதும். அதற்கு உப்பே வேண்டாம். மிஞ்சிய சோடா நீரை அடுத்த துணிக்கும் வைத்துக்கொள்ளலாம், கெட்டுப்போகாது.