லீவர் பூட்டா, பின் பூட்டா?

லீவர் பூட்டைப் பிரித்தால் உள்ளே பித்தளைத் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும்; இவைதான் லீவர்கள். ஒவ்வொன்றையும் ஒரு ஸ்பிரிங் கீழே அமுக்கிக்கொண்டிருக்கும். சாவியின் பல் எல்லாத் தகடுகளையும் அதனதன் உயரத்துக்குத் தூக்கினால்தான் அவற்றின் வெட்டுகள் நேர்கோட்டில் வரும். தாழின் முளை அதில் புகுந்து நகரும். முந்தைய பூட்டுகளில் தகட்டைப் போதிய அளவு தூக்கிவிட்டால், அதற்கு மேல் எவ்வளவு உயர்ந்தாலும் திறந்துவிடும். 1778-இல் ராபர்ட் பேரன் அதை மாற்றினார்: குறைந்தாலும் திறக்காது, கூடினாலும் திறக்காது.

1818-இல் ஜெரமையா சப் ஒரு படி மேலே போனார். தகட்டை யாராவது அளவுக்கு மீறித் தூக்கினால் பூட்டு முடங்கிக்கொள்ளும். சொந்தக்காரர் சாவியைப் போட்டதுமே திருட்டு முயற்சி தெரிந்துவிடும். 1851-இல் லண்டன் கண்காட்சி நடந்த சமயம், ஏ.சி. ஹாப்ஸ் என்ற அமெரிக்கர் 25 நிமிடத்தில் அதைத் திறந்தார். எந்தத் தகடு அளவைத் தாண்டியது என்று அந்தக் காவல் அமைப்பே அவருக்குக் காட்டிக்கொடுத்ததுதான் வேடிக்கை!

பின் எனப்படும் சின்ன முளைகளால் இயங்கும் பின் பூட்டின் பூர்வீகம் பழைய எகிப்தின் மரப்பூட்டு. அதில் மரமுளைகள் தம் எடையாலேயே விழுந்து தாழைப் பிடித்துக்கொள்ளும். 1860-களில் லைனஸ் யேல் ஜூனியர் அந்த வித்தையைச் சின்ன உருளைக்குள் அடக்கி, தட்டைச் சாவியும் கொடுத்தார். ஒவ்வொரு பின்னும் இரண்டு துண்டு. துண்டுகள் சேரும் இடம் உருளையின் விளிம்போடு சமமாக நின்றால் உருளை சுழலும். ஒரே ஒரு பின் சற்று ஏறி நின்றாலும் அசையாது.

வசதியில் பின் பூட்டுதான் ஜெயிக்கும். சாவி தொலைந்தால் உருளையைக் கழற்றி பின்களை மாற்றினால் போதும். பல பூட்டுகளைத் திறக்கும் மாஸ்டர் சாவிக்கும் இதுவே தோது. ஆனால் அதற்காக நடுவில் கூடுதல் துண்டு வைக்கும்போது, திறக்கக்கூடிய நிலைகளும் கூடிவிடுகின்றன. தவிர, எல்லாப் பள்ளங்களையும் ஆழமாக வெட்டிய ஒரு சாவியை நுழைத்துத் தட்டினால் மேல் துண்டுகள் கணநேரம் எகிறும். அந்த நொடியில் திருப்பிவிடலாம். லீவரில் இந்தத் தட்டல் பலிக்காது, தகடு இரண்டாகப் பிரிவதில்லையே.

வாசல் கதவுக்கு நான் ஐந்து லீவருக்குக் குறையாமல் போடுவேன். உள்ளறைக்கும் அலுவலகத்துக்கும் பின் பூட்டு. எதை வாங்கினாலும் கடையிலேயே அதே ரகத்தில் நாலு பூட்டை எடுத்து, ஒன்றின் சாவியை மற்றதில் போட்டுத் திருப்பிப் பாருங்கள். மலிவு ரகத்தில் சில சமயம் திறந்துவிடும்.