நெருக்கடிகாலப் பேறுகாலப் பொருட்கள்: ஆயத்தப் பெட்டியா, தனித்தனிக் கொள்முதலா, கையில் பணமா?

10,000 பேர் வீடிழந்து ஓரிடத்தில் தங்கியிருக்கிறார்கள் என்று வையுங்கள். ஆண்டுப் பிறப்பு வீதத்தை நூற்றுக்கு 4 என எடுத்தால், அடுத்த 3 மாதத்தில் அங்கே சுமார் 100 பிரசவம் நடக்கும். அதில் ஏறத்தாழ 15 பேருக்கு உயிராபத்தான சிக்கல் வரலாம். 5 முதல் 15 பேருக்கு அறுவை செய்துதான் குழந்தையை எடுக்க வேண்டியிருக்கும். போர் ஓயட்டும், வெள்ளம் வடியட்டும் என்று எந்தப் பிரசவமும் காத்திருப்பதில்லை.

இவர்களுக்குப் பொருள் சேர்க்க மூன்று வழிகள் புழக்கத்தில் உண்டு. முன்பே அடுக்கி வைத்த பெட்டிகளை அப்படியே இறக்குவது ஒன்று. மருந்தையும் கருவியையும் தனித்தனியே கணக்கிட்டு மொத்தமாக வாங்குவது இன்னொன்று. பெண்களின் கையிலேயே பணமோ கூப்பனோ கொடுத்துவிடுவது மூன்றாவது. மூன்றில் எது சிறந்தது என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடையாது. எந்தப் பொருளுக்கு, எத்தனையாவது மாதத்தில் என்று கேட்டால் பதில் பெரும்பாலும் தெளிவாகவே இருக்கும்.

பெட்டி: முதல் மூன்று மாதத்துக்கு

ஐ.நா. மக்கள்தொகை நிதியம் வழியாக வரும் இனப்பெருக்க நலப் பெட்டிகள் மூன்று படிநிலையில் உள்ளன. 1 முதல் 5 வரையிலான எண்கள் முகாமுக்கும் சிறு சுகாதார நிலையத்துக்கும் உரியவை: ஆணுறை, தூய பிரசவப் பொதி, வல்லுறவுக்குப் பிந்தைய சிகிச்சை, கருத்தடை மாத்திரையும் ஊசியும், பால்வினை நோய் மருந்து. இவை 10,000 பேருக்கு 3 மாதம் என்ற கணக்கு. 6, 8, 9, 10 ஆகியவை பிரசவம் பார்க்கும் நிலையத்துக்கு. 30,000 பேருக்கு 3 மாதம். 11, 12 இரண்டும் அறுவை அரங்கும் இரத்தம் ஏற்றும் வசதியும் உள்ள மருத்துவமனைக்கு. 1,50,000 பேருக்கு 3 மாதம்.

இந்த எண்களைத் தவறாகப் படிப்பதில்தான் பாதிப் பணம் வீணாகிறது. 10,000 என்பது ஆண், பெண், குழந்தை எல்லாரும் சேர்ந்த மக்கள்தொகை. அதைக் கருத்தரிக்கும் வயதுப் பெண்களின் எண்ணிக்கையாக நினைத்து வாங்கினால் தேவையில் கால்வாசிச் சரக்குத்தான் வந்து நிற்கும். 30,000 பேர் முகாமுக்கு 11ஆம் எண் பெட்டி ஒன்று வாங்கினால், கணக்குப்படி அது 15 மாதத்துக்குக் காணும். அதற்குள் சில மருந்துகள் காலாவதியாகிவிடும். முகாமுக்கென்று தனியாக வாங்காமல், சுற்றுவட்டாரம் முழுக்க எந்த மருத்துவமனைக்குப் போகிறதோ அதற்கு ஒன்று தருவதே சரி. பிறப்பு வீதம் நூற்றுக்கு 2 மட்டுமே உள்ள இடங்களில் பிரசவப் பெட்டிகளில் பாதி மிஞ்சும். இதையும் வாங்கும் முன்பே பார்க்க வேண்டும்.

பெட்டிக்கு நிகரே இல்லாத இடமும் ஒன்று உண்டு: 3ஆம் எண். வல்லுறவுக்கு ஆளானவருக்கு எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் தர வேண்டும். அவசரக் கருத்தடை மாத்திரை 120 மணி நேரத்துக்குள். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு பலன். கூடவே பால்வினை நோய்களுக்கான ஆன்டிபயாடிக். வந்தவரிடம் "இது இருக்கிறது, அது அடுத்த வாரம்" என்று சொல்ல முடியாது. எல்லாம் ஒன்றாக, முன்கூட்டியே, பூட்டிய அலமாரியில் இருக்க வேண்டும். இதைத் தனித்தனியாகக் கொள்முதல் செய்ய முனைந்தால், ஏதோ ஒன்று எப்போதும் வழியில்தான் இருக்கும்.

இனி பெட்டியின் பலவீனம். உள்ளே இருப்பவை ஒரே வேகத்தில் தீர்வதில்லை. கையுறையும் தையல் நூலும் ஐந்தாவது வாரத்திலேயே முடிந்துவிட, பால்வினை நோய் மருந்து தொடாமல் கிடக்கும். கையுறைக்காக இன்னொரு முழுப் பெட்டி வரவழைப்பார்கள். 6ஆம் எண்ணை ‘அ’ என்றும் ‘ஆ’ என்றும் பிரித்திருப்பதே இதைக் குறைக்கத்தான்: முதலாவதில் திரும்பத் திரும்பப் பயன்படும் கருவிகள், இரண்டாவதில் மருந்தும் ஒருமுறைப் பொருட்களும். மறுமுறை கேட்கும்போது இரண்டாவதை மட்டும் கேட்டால் போதும். 11க்கும் அப்படியே. இருந்தும் கத்தரிக்கோல் குவிந்து கிடக்கும் கிடங்குகளுக்குப் பஞ்சமில்லை.

சுங்கத்தில் மாட்டுவது வேறு கதை. கெட்டமின் போன்ற மயக்க மருந்துகளுக்குப் பல நாடுகளில் தனி இறக்குமதி அனுமதி தேவை. அந்த ஒரு சீட்டுக்காக மொத்தச் சரக்கும் நிற்கும். குளிரில் வைக்க வேண்டியவை தனிப் பெட்டியாக, தனி விமானத்தில்கூட வரலாம். பெரிய பெட்டிகள் வந்த மகிழ்ச்சியில் அந்தச் சின்னப் பெட்டியை விமான நிலையக் கொட்டகையில் மறந்துவிட்டால், இரத்தப்போக்கை நிறுத்த வேண்டிய மருந்துதான் வெயிலில் வேகும்.

இரத்தப்போக்கு மருந்து: மூன்று போட்டியாளர்கள்

எந்த வழியில் வாங்கினாலும் கவனமாக எடுக்க வேண்டிய முடிவு இது. பிரசவத்துக்குப் பிந்தைய இரத்தப்போக்கு மணிக்கணக்கில் உயிரைப் பறிக்கும். தடுக்க ஆக்சிடோசின், வெப்பம் தாங்கும் கார்பெடோசின், மிசோப்ரோஸ்டால் என மூன்று உண்டு.

ஆக்சிடோசின் 10 அலகு, தசையில் ஊசி. முதல் தேர்வு இதுதான். தடுப்புக்கும் ஆகும், போக்கு தொடங்கியபின் சிகிச்சைக்கும் ஆகும். சிக்கல், 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டியிருப்பதுதான். சில தயாரிப்புகளின் மேலட்டையில் 25 டிகிரிக்குக் கீழே வைத்தால் போதும் என்றிருக்கும்; அதை நம்பி அலமாரியில் வைத்தால், 25 டிகிரியே தாண்டாத அறை எந்த முகாமில் இருக்கிறது? வீரியம் குறைந்த ஆம்பூலும் (ஊசிமருந்து அடைத்த சிறு கண்ணாடிக் குப்பி) நல்ல ஆம்பூலும் கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் தெரியும். ஊசி போட்டும் கருப்பை இறுகவில்லை என்றால்தான் தெரியவரும். ஆகவே தடுப்பூசிக் குளிர்பெட்டியிலேயே இதற்கும் இடம் கேட்டு வாங்குங்கள். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் மக்கள்தொகை நிதியமும் 2019இல் கூட்டாகச் சொன்னதும் இதுவே. தனி டப்பாவில், பெரிதாகப் பெயரெழுதி வையுங்கள். தடுப்பூசி கரைக்கும் நீர்மம் என்று யாரும் தவறாக எடுத்துவிடக் கூடாது. பனிக்கட்டிப் பொதியை ஒட்டி வைக்காதீர்கள். வரும் ஆம்பூல் 5 அலகா 10 அலகா என்று பாருங்கள்; 5 என்றால் ஒருவருக்கு இரண்டு.

கார்பெடோசின் 100 மைக்ரோகிராம், இதுவும் ஊசிதான். ஏறக்குறைய 30,000 பெண்களிடம் ஆக்சிடோசினோடு ஒப்பிட்டுச் சோதித்து, 2018இல் முடிவு வெளியானது. அதே ஆண்டு உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரைப் பட்டியலிலும் சேர்ந்தது. குளிர்பெட்டி வேண்டாம், 30 டிகிரியில் ஆண்டுக்கணக்கில் தாங்கும். மின்சாரம் நம்ப முடியாத இடத்தில் என் ஓட்டு இதற்கே. ஆனால் இது தடுப்புக்கு மட்டும். போக்கு தொடங்கியபின் சிகிச்சைக்கு வேறு மருந்து கையில் இருக்க வேண்டும். குழந்தை பிறப்பதற்கு முன் இதைத் தொடவே கூடாது. ஆக்சிடோசினைச் சொட்டுமருந்தாக ஏற்றி வலி தூண்டுவது சிலருக்குப் பழக்கம். அதே பழக்கத்தில் அதற்குப் பதிலாகக் கார்பெடோசினைப் போட்டால் அதன் வேலை நெடுநேரம் நீடிக்கும், நிறுத்த வழியில்லை, கருப்பை கிழியலாம். இரண்டும் ஒரே அலமாரியில் இருந்தால் பிரசவ அறைப் பயிற்சியின் முதல் பாடம் இதுவாக இருக்கட்டும்.

மிசோப்ரோஸ்டால் மாத்திரை. ஊசி போடத் தெரிந்தவர் இல்லாத இடத்தில் இதுதான் கைகொடுக்கும்: 200 மைக்ரோகிராம் மாத்திரை 3, மொத்தம் 600, குழந்தை பிறந்தவுடன் வாய்வழியே. வயிற்றில் இன்னொரு குழந்தை இல்லை என்று உறுதி செய்தபின்தான். நடுக்கமும் காய்ச்சலும் வரும். முன்பே சொல்லாவிட்டால் அந்தப் பெண் பயந்துவிடுவார். ஆக்சிடோசின் அளவுக்குப் பலன் இல்லை என்பதால், நல்ல ஆக்சிடோசின் உள்ள நிலையத்தில் இதை அதற்கு மாற்றாக வைக்க வேண்டாம். இதன் எதிரி வெப்பத்தைவிட ஈரம். இருபுறமும் அலுமினியத் தாள் கொண்ட அட்டையில் வருவதை மட்டும் வாங்குங்கள். ஒருபுறம் பிளாஸ்டிக் என்றால் தள்ளிவிடுங்கள். எண்ணிக் கொடுக்கும் வசதிக்காக மாத்திரையை முன்கூட்டியே பிதுக்கி எடுத்துப் பையில் போடுவது, மருந்தைக் கெடுத்தே கொடுப்பதற்குச் சமம்.

தூய பிரசவப் பொதி

பிளாஸ்டிக் விரிப்பு, சோப்பு, புது பிளேடு, தொப்புள்கொடி கட்ட இரண்டு நாடா, கையுறை, துணி, படவிளக்கத் தாள். இதைப் பெட்டியாக வரவழைப்பதைவிட உள்ளூரிலேயே வாங்கி, முகாம் பெண்களைக் கொண்டு அடுக்குவது மலிவு. பிளேடு தனித்தனி உறையில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். கண்ணுக்குத் தெரியும் கர்ப்பம் உள்ள எல்லாருக்கும் கொடுங்கள். எந்த நிலையத்துக்குப் போக வேண்டும், இரவில் யாரை அழைக்க வேண்டும் என்று எழுதிய சீட்டும் உள்ளே இருக்கட்டும். இல்லாவிட்டால் "பொதி கொடுத்துவிட்டார்கள், வீட்டிலேயே பெறலாம்" என்ற செய்திதான் போய்ச் சேரும். தொப்புள்கொடியில் தடவும் கிருமிநாசினியான குளோர்ஹெக்சிடின் ஜெல்லைச் சேர்த்தால், கண்ணில் போடக் கூடாது என்பதைப் படத்தோடு சொல்ல வேண்டும். கண் மருந்து என்று நினைத்துப் போட்டுக் குழந்தைகளின் கண் புண்ணானது உண்டு.

தனித்தனிக் கொள்முதல்: எப்போது மாறுவது

பெட்டி வந்திறங்கும் நாளில். சற்று அவசரமாகத் தோன்றும், கணக்கைப் பாருங்கள். பெட்டி 3 மாதத்துக்கு. வெளியிலிருந்து வரும் மருந்துக்கு ஒப்பந்தம், தயாரிப்பு, கப்பல், சுங்கம் எல்லாம் சேர்ந்து 4 மாதம் ஆகலாம். மூன்றாம் மாதத்தில் யோசிக்கத் தொடங்குபவர் இன்னொரு சுற்றுப் பெட்டிதான் வாங்குவார்.

ஒரு நிலையத்தில் மாதம் 120 பிரசவம் என்று கொள்வோம். ஒருவருக்கு 10 அலகு ஆக்சிடோசின் ஆம்பூல் ஒன்று வீதம் 120. நூற்றுக்கு 5 பேருக்குச் சிகிச்சை தேவைப்பட்டு ஆளுக்கு 4 ஆம்பூல் போனால் 24. ஆக 144. உடைவது, வீணாவது நூற்றுக்கு 10 சேர்த்தால் 158. வந்து சேர 4 மாதம், கையிருப்புக் காப்பு 2 மாதம்: 6 பெருக்கல் 158, அதாவது 948. கையில் 200 இருந்தால் கேட்க வேண்டியது 748. பத்துப் பத்தாக வருவதால் 750. வழியில் ஏற்கெனவே வந்துகொண்டிருப்பது இருந்தால் அதையும் கழியுங்கள். இரட்டை ஆர்டர்கள் பிறப்பது இங்கேதான்.

இந்த வழிக்குக் கிடங்கு, பதிவேடு, அதைப் பார்க்கும் மருந்தாளுநர் மூன்றும் வேண்டும். பெட்டியைப் பிரித்த முதல் நாளிலிருந்தே எது எவ்வளவு செலவானது என்று எழுதாவிட்டால், மேலே போட்ட கணக்குக்கு எண் எங்கிருந்தும் கிடைக்காது. முதலில் காலாவதியாவது முதலில் வெளியே போக வேண்டும். கருத்தடையில் ஒரு எச்சரிக்கை: கையில் பதிக்கும் குச்சிகளை வாங்கும் முன், அவற்றை எடுக்கத் தெரிந்தவர் இருக்கிறாரா என்று பாருங்கள். இல்லையென்றால் மூன்று மாத ஊசியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பணம்: மருந்துக்கு வேண்டாம், மற்றதற்கு ஆம்

சந்தையில் வாங்கும் ஆக்சிடோசின் எத்தனை நாள் வெயிலில் இருந்தது என்று யாருக்கும் தெரியாது. மருந்தைப் பெண்ணே வாங்கிக்கொள்ளட்டும் என்று பணம் கொடுப்பது பொறுப்பைக் கைகழுவுவது. ஆனால் மருத்துவமனைக்குப் போகும் வண்டிக் கூலி, துணைக்கு வருபவரின் சாப்பாடு, குழந்தைத் துணி, உள்ளாடை, நாப்கின் ஆகியவற்றுக்குப் பணமே மேல், கடைகள் திறந்திருக்கும்வரை.

நாப்கினைப் பொருளாகத்தான் தர வேண்டுமென்றால், நெருக்கடிகால உதவிக்கான குறைந்தபட்ச அளவுகோல்களைத் தரும் ஸ்ஃபியர் கையேடு சொல்லும் அளவு: ஒருமுறை நாப்கின் மாதம் 15, அல்லது துவைத்துப் பயன்படுத்தும் துணி நாப்கின் ஆண்டுக்கு 6, கூடவே ஆண்டுக்கு 6 உள்ளாடையும் மாதம் 250 கிராம் கூடுதல் சோப்பும். துணி நாப்கின் கணக்கில் மலிவு, குப்பையும் இல்லை. துவைக்கத் தண்ணீரும், ஆண்கள் பார்வை படாமல் வெயிலில் காயப்போட இடமும் இல்லாத முகாமில் அது ஈரத்தோடே உடலுக்குத் திரும்பும். அப்படிப்பட்ட இடத்தில் ஒருமுறை நாப்கினும், கழிப்பறையில் மூடியுள்ள குப்பைத்தொட்டியும், அதைத் தினமும் எடுத்துச்செல்ல ஆளும் வேண்டும். மாதவிடாய்க் கப்பை, முன்பே பழகியவர் கேட்டால் மட்டும் கொடுங்கள்.