ஜமுனா பார்னா ஆட்டோ வராது: மூணு டெல்லி சீரிஸ் பாத்த கதை

டெல்லியில அஞ்சு வருஷம் குப்பை கொட்டுனவன்ங்கற ஒரே தகுதியில இத எழுதறேன். டெல்லின்னு போட்டு வர்ற படம் சீரிஸ் எதப் பாத்தாலும் மொத ஷாட்டு இந்தியா கேட், ரெண்டாவது ஷாட்டு குதுப் மினார், மூணாவதுல ஹீரோ சாந்தினி சௌக் பராத்தாக்கடை சந்துல பராத்தா தின்னுட்டு இருப்பான், அந்த கடுப்புல ரொம்ப நாளா இந்தப் பக்கமே போகாம இருந்தேன். போன மாசம் காய்ச்சல்ல ஒரு வாரம் படுத்ததுல மூணு சீரிஸ் வரிசையா முடிச்சேன். ரெண்டு ஏற்கனவே பாத்ததுதான், ஆனா இப்ப பாக்கறப்ப வேற மாதிரி இருந்துச்சு.

மொதல்ல பாதாள் லோக். 2020 மே மாசம், லாக்டவுன் நேரத்துல அமேசான் பிரைம்ல வந்தது, ஒம்போது எபிசோடு. ஆரம்பமே பாலத்துலதான், ஒரு டிவி ஜர்னலிஸ்ட்ட கொல்ல வந்தாங்கன்னு நாலு பேர மடக்கறாங்க, அந்த இடம் எந்த ஸ்டேஷன் எல்லையில வருதுன்னு பாத்தா அவுட்டர் ஜமுனா பார். அதாவது டெல்லி போலீஸ்லயே ஒருத்தனும் போக ஆசப்படாத ஸ்டேஷன். கேஸு நம்ம இன்ஸ்பெக்டர் ஹாத்திராம் சௌத்ரி தலையில விழுது.

ஜமுனா பார்னா யமுனை ஆத்துக்கு அந்தப் பக்கம்னு அர்த்தம், இந்த மேட்டர் டெல்லியில இருந்தவங்களுக்குத்தான் சுருக்குன்னு குத்தும். நான் இருந்தது மயூர் விஹார் பேஸ் ஒன், நல்ல ஏரியாதான், தமிழ் ஆளுங்க மலையாளிங்க நிறைய, கோயில் இருக்கு, மெட்ரோ இருக்கு. ஆனா ராத்திரி பத்து மணிக்கு கன்னாட் ப்ளேஸ்ல நின்னு ஆட்டோவ கைகாட்டி மயூர் விஹார்னு சொல்லிப் பாருங்க, மூஞ்சிய திருப்பிட்டு "ஜமுனா பார் நஹி"ன்னு ஒரே வார்த்த, வண்டி போயிட்டே இருக்கும். நிஜாமுதீன் பாலத்த தாண்டுனா அஞ்சு நிமிஷம்தான், ஆனா அவனுக்கு அது வேற தேசம். ஆபீஸ்லயும் எங்க இருக்கேன்னு கேப்பாங்க, சொன்னதும் "ஓ... அந்தப் பக்கமா"ன்னு ஒரு இழுப்பு இருக்கும் பாருங்க, வாடக எவ்வளவு தர்றேன்னு அதுலயே கணக்கு போட்டுருவாங்க. ஒருதடவ நாலு ஆட்டோ மாத்தி மாத்தி முடியாதுன்னுட்டான், அஞ்சாவது ஆள் டபுள் சார்ஜ் கேட்டான், ஜனவரி குளிர்ல பேசறதுக்கு வாய் வராம ஏறி உக்காந்துட்டேன்.

இந்த சீரிஸோட மொத்த ஐடியாவும் அந்த இழுப்புதான். ஹாத்திராம் கார்ல போயிட்டே ஜூனியர் அன்சாரிகிட்ட சொல்லுவாரு, மேல சொர்க்கம், அங்க தேவருங்க, நடுவுல பூமி, அங்க மனுஷங்க, கீழ பாதாளம், அங்க புழு பூச்சின்னு. சாஸ்திரத்துல இருக்காம், ஆனா இவரு படிச்சது வாட்ஸப்புல. மந்திரிங்க பெரிய ஆளுங்க இருக்கற லுட்யன்ஸ் டெல்லி பங்களாவ சொர்க்கம்னு சொல்லிட்டு அதே ஷிப்ட்ல இந்த ஆளு போய் உக்கார்றது அந்த ஆத்துக்கு இந்தப் பக்கம் இருக்கற ஸ்டேஷன்ல.

ஹாத்திராமா வர்ற ஜெய்தீப் அஹ்லாவத் நடிப்ப பத்தி எல்லாரும் எழுதிட்டாங்க. எனக்குப் பிடிச்சது அந்த தொப்பையும் நடையும். அவரு நிஜத்துலயே ஹரியானா ரோதக் பக்கத்து ஆளு, அதனால அந்தப் பேச்சு வாயில தானா வருது. பெரிய ஜர்னலிஸ்ட் வீட்டு சோபாவுல உக்கார்றப்ப முழுசா சாயாம நுனியில உக்காந்திருக்கற மாதிரியே ஒரு உடம்பு. இங்கிலீஷ் பேசறவங்க முன்னாடி கொஞ்சம் குறுகி, ஸ்டேஷனுக்கு வந்ததும் அகலமா ஆயிடும். தயவு செஞ்சு டப்பிங்ல பாக்காதீங்க, ஹிந்தி அரகொறையா தெரிஞ்சா கூட சப்டைட்டில் போட்டு ஹிந்தியிலயே பாருங்க, யாரு எந்த ஹிந்தி பேசறாங்கறதுதான் பாதி கதை.

கொற இல்லாம இல்ல. நாலு பேரோட பழைய கதைக்கு பஞ்சாப், சித்ரகூட்னு போறப்ப ரத்தம் ரொம்ப ஓவர், சாப்பிட்டுட்டே பாக்க முடியாது, ஹத்தோடா தியாகின்னு பேரே சுத்தியல வெச்சுத்தான். அந்த ஜர்னலிஸ்ட் வீட்டு சண்டையெல்லாம் நான் பத்து பத்து செகண்டா தள்ளிட்டுத்தான் பாத்தேன். ரெண்டாவது சீசன் 2025 ஜனவரில வந்துச்சு, பாதி நாகாலாந்து, அன்சாரி பரீட்ச எழுதி ஐபிஎஸ் ஆகி ஹாத்திராமுக்கே மேலதிகாரியா நிக்கறான், அவங்க ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் எப்படி கூப்பிடறதுன்னு தடுமாறற எடமெல்லாம் அருமை.

அடுத்து டெல்லி கிரைம், நெட்பிளிக்ஸ், 2019, ஏழு எபிசோடு. 2012 டிசம்பர் 16 ராத்திரி நடந்த நிர்பயா கேஸு, எல்லாருக்கும் தெரியும், நான் திரும்ப எழுதல. சீரிஸும் அந்தக் கொடுமைய காட்டல, அதுக்கே ஒரு கும்பிடு. அந்த டிசம்பர்ல நான் அங்கதான் இருந்தேன், ஜனாதிபதி மாளிகை இருக்கற ராய்சினா ஹில் பக்கம் போராட்டக் கூட்டம், அந்தக் குளிர்லயும் தண்ணி பீச்சுனாங்க, செண்ட்ரல் செக்ரடேரியட் மெட்ரோ ஸ்டேஷன மூடிட்டாங்க. போலீஸ் மேல அப்ப இருந்த கோவம் எனக்கு இன்னும் முழுசா போகல, அதனால இத போலீஸ் பக்கத்துலருந்து சொல்றாங்கன்னதும் பாக்கவே வேணாம்னு இருந்தேன்.

ஆனா ஷெபாலி ஷா பண்ண டிசிபி வர்த்திகா, வீட்டுக்கே போகாம ஸ்டேஷன்லயே கெடந்து ஆள் பிடிக்கறது, நம்மள இழுத்துட்டுப் போயிடுது. ஒரு வெள்ள பஸ்ஸ ஊர் பூரா இருக்கற வெள்ள பஸ்ஸுங்க நடுவுல தேடறாங்க. நெஜத்துல மஹிபால்பூர்ல ஒரு ஹோட்டல் சிசிடிவியிலருந்துதான் துப்பு கெடச்சுது, ஒரு வாரத்துக்குள்ள ஆறு பேரையும் பிடிச்சாங்க. எனக்கு வயித்த கலக்குனது அந்த பஸ்ஸேதான். அதே மாதிரி பிரைவேட் பஸ்ல நான் எத்தன தடவ ஏறியிருப்பேன், கதவுல ஒரு பையன் தொங்கிட்டு போற எடத்த கத்துவான், பத்து ரூபாய நீட்டுனா உள்ள இழுத்து போட்டுப்பான், டிக்கெட்டும் கெடையாது ஒண்ணும் கெடையாது. எபிசோடு ஓட ஓட அந்த சீட்டோட ரெக்சின் கிழிசல் வரைக்கும் ஞாபகம் வந்துச்சு.

2020ல இன்டர்நேஷனல் எம்மி வாங்குச்சு, இந்திய சீரிஸ் ஒண்ணு பெஸ்ட் டிராமா வாங்குனது அதான் மொத தடவ. அவார்ட் சரி, ஆனா ரோட்டுல நின்ன பொண்ணுங்கள எல்லாம் ஏதோ வேலைக்கு எடஞ்சல் மாதிரி காட்டறது எனக்கு ஒத்துக்கல. அந்த கூட்டம் இல்லன்னா சட்டம் மாறியிருக்காது. ரெண்டாவது சீசன் அஞ்சே எபிசோடுதான், அதுல குற்றப் பரம்பரைன்னு பிரிட்டிஷ்காரன் முத்திரை குத்துன ஜனங்கள போலீஸ் இன்னமும் எப்படி மொத்தமா அள்ளிட்டு வருதுன்னு கேக்கறாங்க, அந்த விஷயத்துல மொத சீசன விட அது நேர்மை.

மூணாவது ஆஸ்பிரண்ட்ஸ், 2021, மொத சீசன் யூட்யூப்லயே ப்ரீ. ஓல்ட் ராஜிந்தர் நகர்ல யுபிஎஸ்சி படிக்கற மூணு பசங்க. அஞ்சு எபிசோடு, ஒரு ஞாயித்துக்கெழம போதும். சந்தீப் பையான்னு ஒரு கேரக்டர் வரும், அட்டெம்ட் எல்லாம் தீந்துபோற சீனியர், அந்த ஆளுக்காகவே பாக்கலாம். நடுநடுவுல கோச்சிங் ஆப் விளம்பரம் கதைக்குள்ளயே வந்து உக்காந்துக்கும், அது எரிச்சல்.

என் சித்தி பையன் அங்க ரெண்டு வருஷம் படிச்சான். தமிழ்நாட்டுலருந்து போற பசங்க பாதிப் பேரு அங்கயும் கரோல் பாக்லயும்தான் கெடப்பாங்க. நான் பாக்கப் போனப்ப ஒரு ரூம நடுவுல பிளைவுட் அடிச்சு ரெண்டாக்கியிருந்தாங்க, பக்கத்து பையன் பக்கம் திருப்பற சத்தம் கேக்கும், புரோக்கருக்கு ஒரு மாச வாடக தனி. கீழ ஜெராக்ஸ் கடையில நோட்ஸ்ஸ கட்டு கட்டா அடுக்கி வெச்சிருப்பான், டாப்பர் பேரு போட்ட கட்டுக்கு ரேட்டு ஜாஸ்தி. படிக்கறதுக்கு பேஸ்மெண்ட்ல ஒரு லைப்ரரி, மாசக் கட்டணம். 2024 ஜூலைல அதே ஏரியால மழத்தண்ணி பேஸ்மெண்ட்டுக்குள்ள பூந்து படிக்கற புள்ளைங்க மூணு பேரு செத்தாங்க, அந்த நியூஸ் வந்தப்ப சித்தி போன் பண்ணி அழுதாங்க, அவன் ஊருக்கு வந்து ரெண்டு வருஷம் ஆயிருந்துச்சு, இருந்தாலும் அழுதாங்க. சீரிஸ்ல மொட்ட மாடி இருக்கு, டீக்கடை இருக்கு, மழையும் நட்பும் இருக்கு, இந்த பேஸ்மெண்ட் இல்ல.

வரிசை கேட்டீங்கன்னா பாதாள் லோக் மொத சீசன்லருந்து ஆரம்பிங்க, நடுவுல மூச்சு வாங்க ஆஸ்பிரண்ட்ஸ், டெல்லி கிரைம் மனசு தெம்பா இருக்கற அன்னிக்கு மட்டும், ராத்திரி தனியா வேணாம். சித்தி பையனுக்கு ஆஸ்பிரண்ட்ஸ் லிங்க் அனுப்புனேன், இப்ப அவன் ஈரோட்டுல பேங்க்ல இருக்கான். மொத எபிசோடு பாத்துட்டு ஒரே ஒரு மெசேஜ் வந்துச்சு: "அண்ணா, அவனுங்க ரூம்ல ஜன்னல் இருக்குண்ணா."