பேட்டரி நிறைந்திருந்தும் ஸ்டார்ட்டர் சுற்றவில்லை: ஒரு சிறிய அவுட்போர்டு மோட்டாரின் கதை

படகின் பின்புறம் மாட்டும், 9.9 குதிரைத்திறன் கொண்ட நான்கு ஸ்ட்ரோக் அவுட்போர்டு மோட்டார் ஒன்றைச் சில ஆண்டுகளாக உப்பு நீரில் ஓட்டி வருகிறேன். எஞ்சினைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. தொல்லை கொடுத்தது மின் ஸ்டார்ட்டர். இன்னும் சரியாகச் சொன்னால், அதற்கு மின்சாரம் கொண்டுபோகும் கம்பி.

வாங்கிய புதிதில் பொத்தானைத் தொட்டதுமே எஞ்சின் கிளம்பிவிடும். பிறகு அவ்வப்போது ரிலேயிலிருந்து (பொத்தானை அழுத்தும்போது ஸ்டார்ட்டருக்கு மின்சாரத்தை இணைத்துவிடும் மின்காந்த சுவிட்ச்) டகடகவென்ற சத்தம் மட்டும் வரும். மறுபடி அழுத்தினால் கிளம்பும். விட்டுவிட்டு வரும் கோளாறைப் போல ஆளைச் சோதிப்பது வேறில்லை. ஒருநாள் எத்தனை முறை அழுத்தியும் டகடக சத்தத்துக்கு மேல் எதுவும் நடக்கவில்லை. இந்தச் சத்தத்தைக் கேட்டதும் எல்லோரும் சொல்வது, "பேட்டரி போய்விட்டது, மாற்றுங்கள்" என்பதுதான். பல நேரங்களில் அது சரியாகவும் இருக்கும். ஆனால் மாற்றுவதற்கு முன் வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரை ஒருமுறை எடுங்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

சும்மா இருக்கும் பேட்டரியில் 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ் இருக்கிறது என்று பொருள். அது மட்டும் போதாது. மீட்டரின் இரு முனைகளையும் பேட்டரி முனைகளிலேயே வைத்துக்கொண்டு, இன்னொருவரை ஸ்டார்ட் பொத்தானை அழுத்தச் சொல்லுங்கள். பேட்டரி சோர்ந்திருந்தால் அளவு 9.5 வோல்ட்டுக்கும் கீழே சரியும். என்னுடையதில் 12-ஐ விட்டு இறங்கவே இல்லை. அதாவது, பேட்டரியிலிருந்து பெரிய அளவில் மின்சாரம் வெளியேறவே இல்லை. கொடுக்க அது தயாராக இருந்தும் வழியில் ஏதோ மறிக்கிறது.

மறிக்கும் இடத்தைப் பிடிக்கும் சோதனையும் எளியதே. மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும், மற்றதை எஞ்சினின் பெயின்ட் இல்லாத வெற்று உலோகத்திலும் வைத்துப் பொத்தானை அழுத்த வேண்டும். நல்ல கம்பியில் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டாது. எனக்குப் பல வோல்ட்டுகள் துள்ளின. கம்பியிலேயே அவ்வளவும் வீணானால் ரிலேவுக்கு மிஞ்சுவது என்ன? அதனால்தான் ரிலே பிடிப்பதும் விடுவதுமாகத் தவித்திருக்கிறது.

மேல்மூடியைக் கழற்றிப் பார்த்தபோது, நெகட்டிவ் கேபிள் எஞ்சினில் முடுக்கப்பட்டிருந்த போல்ட் வெளிப்பார்வைக்குப் பளபளவென்றுதான் இருந்தது. அதைக் கழற்றியதும் கேபிள் முனையிலுள்ள வளையத்தின் அடிப்பக்கம் முழுக்கப் பச்சைக் களிம்பு. கேபிளின் மேலுறையைக் கீறிப் பார்த்தேன். உள்ளே செம்பு இழைகள் ஒரு விரல் நீளத்துக்குக் கறுத்து, தொட்டால் உதிரும் நிலையில் இருந்தன. உப்புத்தாள் போட்டுத் தேய்த்துச் சமாளிக்கும் கட்டத்தை அது தாண்டிவிட்டது. வெள்ளீயம் பூசிய செம்பு இழைகள் கொண்ட, சற்றுத் தடித்த புதுக் கேபிளைப் போட்டேன். பேட்டரி முனைகளில் கையால் திருகும் சிறகு நட்டுகளை எடுத்துவிட்டு, அறுகோண நட்டும் பூட்டு வாஷரும் போட்டேன். எஞ்சின் அதிர்வில் சிறகு நட்டு தளர்ந்துபோகும்.

அதற்குப் பிறகு ஸ்டார்ட்டர் ஒருமுறைகூடத் தவறவில்லை.

உங்களுக்கு ரிலே சத்தமே வரவில்லையென்றால் வேறு இடத்தில் தேட வேண்டும்: முதலில் ஃபியூஸ், அடுத்து கியர் நியூட்ரலில் இருப்பதை உணரும் சுவிட்ச். நெம்புகோலை நியூட்ரலில் லேசாக ஆட்டிக்கொண்டே அழுத்தும்போது உயிர் வந்தால், கோளாறு அந்தச் சுவிட்சில்தான். ஸ்டார்ட்டர் விர்ரென்று சுற்றியும் எஞ்சின் அசையவில்லையென்றால், அதன் சிறு பல்சக்கரம் தண்டில் சிக்கியிருக்கும். அழுக்கைத் துடைத்து மெல்லிய எண்ணெய் இட்டால் போதும். கெட்டியான கிரீஸ் அழுக்கைத்தான் சேர்க்கும்.

இந்தச் சோதனைகளின்போது கியர் நியூட்ரலில் இருக்கட்டும், புரொப்பெல்லர் அருகே யாரும் வேண்டாம். தொடர்ச்சியாகப் பத்து வினாடிக்கு மேல் ஸ்டார்ட்டரை ஓட்டாதீர்கள், சூடேறிக் கருகிவிடும். கம்பியைக் கழற்றுவதானால் நெகட்டிவை முதலில் கழற்றி, கடைசியில் மாட்டுங்கள். எஞ்சின் ஓடும்போது பேட்டரி இணைப்பைப் பிரிக்கவே கூடாது, எஞ்சின் தரும் மின்சாரத்தைப் பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றும் ரெக்டிஃபயர் பழுதாகும்.

இவ்வளவுக்குப் பிறகும் சிறிய மோட்டாருக்கு மின் ஸ்டார்ட்டர் வேண்டும் என்றே சொல்வேன். தோள்வலி உள்ளவர்களுக்கு அது பெரும் வரம். ஆனால் இழுத்துக் கிளப்பும் கயிறு இல்லாத மோட்டாரை நான் வாங்க மாட்டேன். சிறிய எஞ்சின்கள் மெதுவாக ஓடும்போது பேட்டரிக்குத் திருப்பித் தரும் மின்சாரம் மிகக் குறைவு. குறுகிய பயணங்களில் அடிக்கடி நிறுத்திக் கிளப்புகிறவர்கள் கரையில் தனியாகச் சார்ஜ் ஏற்றத்தான் வேண்டும். எனக்கு மிச்சமிருக்கும் ஒரே மனக்குறை, அந்த நெகட்டிவ் போல்ட்டை மேல்மூடிக்குள் ஈரம் தங்கும் அடிமூலையில் வைத்திருப்பதுதான். ஒரு சாண் உயரத்தில் வைத்திருந்தால் இந்தக் களிம்பு இத்தனை சீக்கிரம் ஏறியிருக்காது.