கைடில் மாற்றி எழுதுவதா, கேட்டதைத் திருப்பிச் சொல்வதா?

மகள் பத்தாம் வகுப்புக்குப் போனதும் ஆங்கில இலக்கணத்தில் இரண்டு இடங்களில் தொடர்ந்து தடுமாறினாள். ஒன்று, டைரக்ட் ஸ்பீச்சை இன்டைரக்ட் ஸ்பீச்சாக மாற்றுவது. இன்னொன்று, இஃப் போட்டு எழுதும் வாக்கியங்கள். பழகுவதற்கு மூன்று வழிகள் இருந்தன: கைடில் உள்ள வாக்கியங்களை வரிசையாக மாற்றி எழுதுவது, போனில் ஏதாவது ஒரு வினாடி வினா ஆப், வீட்டில் ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் ஆங்கிலத்தில் திருப்பிச் சொல்வது. மூன்றையும் செய்து பார்த்துவிட்டு இப்போது மூன்றாவதில் நிற்கிறோம். அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

கைடைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, எல்லோரும் அதில் படித்து வந்தவர்கள்தான். ஈஸ் என்றால் வாஸ், வில் என்றால் வுட், டுடே என்றால் தட் டே, செட் டு என்றால் டோல்ட். தேர்வில் இது 2 மதிப்பெண் கேள்வி. பத்து நாள் உட்கார்ந்து எழுதினால் அந்த 2 மதிப்பெண் வந்துவிடும். என் மகளுக்கும் வந்தது.

ஆனால் அதே வாரம் ஒரு சின்ன விஷயம் நடந்தது. நாங்கள் இருப்பது கோயம்புத்தூரில். மாடி வீட்டில் ஒடிசாவிலிருந்து வந்த ஒரு அக்கா இருக்கிறார், அவருக்குத் தமிழ் இன்னும் சரியாக வராது. அவரிடம் போய், சாயங்காலம் நான் வருவதாகச் சொல்லிவிட்டு வா என்று மகளை அனுப்பினேன். அவள் போய், "மை மதர் டோல்ட் தட் ஐ வில் கம் இன் தி ஈவ்னிங்" என்று சொல்லியிருக்கிறாள். அந்த அக்கா மகள்தான் வரப்போகிறாள் என்று நினைத்து அவளுக்குப் பிடித்த தின்பண்டத்தை எடுத்து வைத்துக் காத்திருந்தார். கைடில் நூறு வாக்கியம் மாற்றியவளுக்கு, தேவைப்பட்ட நேரத்தில் ஒரு வாக்கியம் மாறவில்லை.

ஏன் என்று யோசித்தபோதுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. கைடில் ஆங்கில வாக்கியம் கண் முன்னால் இருக்கிறது. அதைத் திருத்தினால் போதும். வாழ்க்கையில் அந்த மூல வாக்கியம் தமிழில்தான் மனதுக்குள் கிடக்கிறது. தமிழில் நாம் "நான் சாயங்காலம் வர்றேன்னு அம்மா சொன்னாங்க" என்போம். சொன்னவர் பேசிய "நான்", அவர் பேசிய காலம், இரண்டும் அப்படியே உள்ளே இருக்கும். "என்று" போட்டு மூடிவிட்டால் வேலை முடிந்தது. ஆங்கிலத்தில் தட் போட்டுவிட்டால் அந்த "நான்" சொல்லிக்கொண்டிருக்கும் ஆளைக் குறிக்க ஆரம்பித்துவிடும். "மை மதர் செட் தட் ஷி வுட் கம்" என்றுதான் வர வேண்டும். எந்த வழி இந்த "என்று" பழக்கத்தை நேராகப் போய்த் தொடுகிறது என்பதைத்தான் நான் பார்க்கிறேன். மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

திருப்பிச் சொல்லும் பயிற்சி அதைத்தான் தொடுகிறது. தென்காசியிலிருந்து ஆச்சி தினமும் போன் பண்ணுவார். பேசி முடித்ததும் ஆச்சி சொன்னதில் மூன்று விஷயங்களை மகள் எனக்கு ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். ஆச்சி கேட்ட கேள்வி ஒன்று அதில் கட்டாயம். "எங்கே போறேன்னு கேட்டாங்க" என்பதை அவள் "ஆஸ்க்ட் மி வேர் வாஸ் ஐ கோயிங்" என்றுதான் முதல் இரண்டு வாரமும் சொன்னாள். கேள்வி உள்ளே போனதும் "வேர் ஐ வாஸ் கோயிங்" என்று நேராகிவிட வேண்டும் என்பது வாய்க்குப் பழக நாளானது.

இஃப் வாக்கியங்களுக்கும் இதே கதைதான். "மழை பெய்தால்" என்பதில் காலமே கிடையாது. அதனால் பிள்ளைகள் பின்பாதியில் இருக்கும் வில் என்ற சொல்லை முன்பாதிக்கும் கொண்டுவந்து "இஃப் இட் வில் ரெயின்" என்கிறார்கள். "காசு இருந்தால் வாங்குவேன்" என்று தமிழில் சொன்னால், கையில் காசு இருக்க வாய்ப்பு உண்டா, இல்லவே இல்லையா என்று தெரியாது. ஆங்கிலம் அதை முதலிலேயே முடிவு செய்யச் சொல்கிறது: வாய்ப்பு உண்டென்றால் ஹேவ், வில்; இல்லையென்றால் ஹேட், வுட். கைடில் இதை டைப் ஒன், டைப் டூ என்று எண் போட்டுக் கற்பிப்பதால், பிள்ளை எண்ணைப் பார்க்கிறதே தவிர பேசுபவரின் மனதைப் பார்ப்பதில்லை. வேடிக்கை என்னவென்றால், கடைசியில் வைத்துப் பயமுறுத்தும் டைப் த்ரீதான் நமக்கு எளிது. வந்திருந்தால் பார்த்திருப்பேன்: "இருந்தால்" வரும் இடத்தில் ஹேட், "இருப்பேன்" வரும் இடத்தில் வுட் ஹேவ். நான் அதிலிருந்துதான் தொடங்கினேன்.

இரண்டும் சந்திக்கும் இடம் ஒன்று இருக்கிறது. ஆச்சி ஒருநாள், "மழை பெஞ்சா நான் வரமாட்டேன்னு அம்மாகிட்டச் சொல்லு" என்றார். மகள் சரியாகவே சொன்னாள்: "ஆச்சி செட் தட் ஷி வுட் நாட் கம் இஃப் இட் ரெயின்ட்." சொல்லிவிட்டு உடனே, "இது டைப் டூ மாதிரி இருக்கேம்மா, அப்போ மழை பெய்யாதுன்னு அர்த்தமா?" என்று கேட்டாள். இல்லை, ஆச்சி சொன்னதைத் திருப்பிச் சொல்வதால் டைப் ஒன்தான் காலத்தில் ஒரு படி பின்னால் போய் அந்த உருவத்தில் நிற்கிறது. கைடில் இரண்டு பாடமும் தனித்தனியாக இருப்பதால் இந்தக் கேள்வி அங்கே எழுந்ததே இல்லை.

ஆனால் இந்த வழியில் தேர்வுக்கு இடிக்கும் இடமும் உண்டு. காலையில் ஆச்சி "நாளைக்கு வர்றேன்" என்று சொன்னதை அன்று சாயங்காலமே சொன்னால் டுமாரோ என்பதே சரி. விடைத்தாளில் தி நெக்ஸ்ட் டே என்றுதான் எழுத வேண்டும். அதேபோல, இன்றைக்கும் உண்மையாக இருக்கும் விஷயத்தில் காலத்தைப் பின்னுக்குத் தள்ளாவிட்டாலும் பேச்சில் தவறில்லை, தேர்வில் அதை நம்பி எழுத முடியாது. அதனால் தேர்வுக்கு முந்தைய மாதம் கைடுக்குத் திரும்புவது என்று வைத்திருக்கிறோம்.

இன்னொரு சிக்கல், திருத்துவதற்கு ஆள் வேண்டும். கைடுக்குப் பின்பக்கம் விடை இருக்கிறது. இதற்கு நான் இருக்க வேண்டும், எனக்கும் சந்தேகம் வரும். சந்தேகம் வந்த வாக்கியங்களை ஒரு நோட்டில் எழுதி வைத்து அவளுடைய ஆங்கில ஆசிரியையிடம் கேட்டுக்கொள்கிறோம். வீட்டில் யாருக்கும் ஆங்கிலம் பழக்கமில்லை என்றால் இதை நான் தைரியமாகச் சிபாரிசு செய்ய மாட்டேன், தவறே வாயில் ஊறிவிடும்.

ஆப் பற்றி நான் தீர்ப்புச் சொல்லக் கூடாது. ஒரே ஒரு ஆப்பை, அதுவும் மூன்று வாரம்தான் பயன்படுத்தினோம். நான்கு விடையில் ஒன்றைத் தொடும் முறை என்பதால் கைடைவிடவும் குறைவாகவே யோசிக்க வைத்தது என்று எனக்குப் பட்டது. பஸ்ஸில் போகும்போது பயன்பட்டது. நான் சொல்வதெல்லாம் என் மகளையும் என் கூடப்பிறந்த அக்காவின் மகனையும் வைத்துத்தான். ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இது எப்படி அமையும் என்று நான் பார்த்ததில்லை.

போன வாரம் மாடி வீட்டு அக்கா ஊருக்குக் கிளம்பும்போது மகளிடம் சாவியைக் கொடுத்து, தண்ணீர் லாரி வந்தால் போன் பண்ணச் சொன்னாராம். அவள் கீழே வந்து என்னிடம், "ஷி ஆஸ்க்ட் மி டு கால் ஹெர் இஃப் தி வாட்டர் லாரி கம்ஸ்" என்றாள். கேம் என்று மாற்றச் சொல்லலாமா என்று ஒரு நொடி யோசித்தேன். லாரி இன்னும் வரவில்லை, அதனால் கம்ஸ் என்பதும் சரிதான் என்று விட்டுவிட்டேன்.