கேரவனோடு மலையிடுக்குக் குளியல்: கரிஜினியா, கிப் ரிவர் ரோடா, டார்வின் பக்கமா?

மே முதல் செப்டம்பர் வரை வட ஆஸ்திரேலியாவில் மழை அரிது. தெற்கே பெர்த்திலும் மெல்போர்னிலும் குளிர் வாட்டும் அந்த மாதங்களில்தான் குடும்பங்கள் காருக்குப் பின்னால் கேரவன் என்ற வீட்டு வண்டியை மாட்டிக்கொண்டு வடக்கே கிளம்புகின்றன. சிவந்த பாறை, நடுவே குறுகலான இடுக்கு, அடியில் தெளிந்த மடு. இதைத் தேடிப் போகிறவர்களுக்கு முக்கியமாக மூன்று வழிகள் இருக்கின்றன: மேற்கு ஆஸ்திரேலியாவின் பில்பரா பகுதியில் கரிஜினி தேசியப் பூங்கா, அதே மாநிலத்தின் வடகோடியில் கிம்பர்லி பகுதியின் குறுக்கே போகும் கிப் ரிவர் ரோடு, டார்வின் நகருக்குத் தெற்கே லிட்ச்ஃபீல்ட் பூங்காவும் காத்ரின் ஊர்ப் பக்கமும். படங்களைப் பார்த்தால் மூன்றும் ஒன்றுக்கொன்று சளைத்தவை இல்லை. அதனால் அழகை வைத்துத் தேர்வு செய்யவே முடியாது. உங்கள் கேரவனின் அடிப்பாகம் எதைத் தாங்கும், உங்கள் கடைக்குட்டி எவ்வளவு தூரம் நடக்கும், எவ்வளவு நன்றாக நீந்தும் என்பதை வைத்துத்தான் தேர்வு செய்ய வேண்டும் என்பது என் கட்சி.

முதலில் சாலை. கிப் ரிவர் ரோடு டெர்பியில் தொடங்கி, குனுனுராவுக்கும் விண்டமுக்கும் இடையில் நெடுஞ்சாலையில் போய்ச் சேரும். ஏறத்தாழ 660 கிலோமீட்டர். மாட்டுப் பண்ணைகளிலிருந்து மாடுகளை லாரியில் ஏற்றித் துறைமுகத்துக்குக் கொண்டுபோகப் போட்ட பாதை இது. இரு முனைகளிலும் கொஞ்ச தூரம் தார் போட்டிருக்கிறார்கள், நடுவே நெடுக மண்ணும் சரளையும்தான். வண்டிகள் ஓடி ஓடி மண் அலையலையாக இறுகிப்போயிருக்கும். அதன்மேல் போவது நெளித் தகரக் கூரைமேல் வண்டி ஓட்டுவது போல இருக்கும். இந்த அதிர்வு மணிக்கணக்கில் தொடரும்போது, சாதாரணக் கேரவனில் அலமாரித் திருகுகள் கழன்று விழும், தண்ணீர்க் குழாய் இணைப்பு விட்டுப்போகும், கதவு இடுக்கு வழியாகச் செம்மண் தூள் உள்ளே புகுந்து மெத்தை வரை படியும். டயர் காற்றைக் குறைத்து வேகத்தையும் குறைத்தால் சேதம் குறையும், அவ்வளவுதான். மண் பாதைக்கென்றே செய்த கேரவனோ, கூடாரமாக விரியும் கேம்பர் டிரெய்லரோ இல்லாமல் இந்தப் பாதையில் முழுதாகப் போகக் கூடாது. வாடகைக்கு எடுத்த கேரவன் என்றால் ஒப்பந்தத்தை ஒருமுறை வாசியுங்கள். தார் இல்லாத சாலையில் போனால் காப்பீடு செல்லாது என்று பெரும்பாலும் எழுதியிருக்கும்.

கரிஜினி இந்த விஷயத்தில் எவ்வளவோ மேல். பெர்த்திலிருந்து ஏறக்குறைய 1,400 கிலோமீட்டர், தூரம் அதிகம்தான். ஆனால் பூங்காவுக்குள் இருக்கும் டேல்ஸ் முகாம் வரை கிட்டத்தட்ட முழுவதும் தார்ச்சாலை. முகாமில் கேரவனைக் கழற்றி நிறுத்திவிட்டு, மற்ற இடுக்குகளுக்குக் காரில் மட்டும் போய்வரலாம். டார்வின் பக்கம் இன்னும் சுலபம். லிட்ச்ஃபீல்டில் எல்லோரும் குளிக்கப் போகும் இடங்களுக்கு சாதாரணக் காரே போதும்.

சரி, தண்ணீருக்கு வருவோம். நான் அதிகம் கவலைப்படுவது இதைப் பற்றித்தான், ஏனென்றால் வடக்கே தண்ணீர் என்றால் முதலை. நன்னீர் முதலை, உப்புநீர் முதலை என்று இரண்டு வகை உண்டு. நன்னீர் முதலையை நாம் சீண்டாதவரை அதுவும் பெரும்பாலும் நம்மைச் சீண்டாது. கிப் பாதையில் விஞ்சானா இடுக்கில் மாலை நேரத்தில் மணல் கரை நெடுக அவை வெயில் காய்வதைப் பிள்ளைகள் தள்ளி நின்று பார்க்கலாம். உப்புநீர் முதலை ஆளைக் கொல்லும். பெயரை நம்பி ஏமாறக் கூடாது, அது ஆற்று வழியே உள்நாட்டுக்குள் வெகுதூரம் ஏறிவரும். அதே பாதையில் பெண்டிகோஸ்ட் ஆற்றை வண்டியோடு இறங்கித்தான் கடக்க வேண்டும். மற்ற ஓடைகளில் முதலில் ஒருவர் இறங்கி நடந்து ஆழம் பார்ப்பார். பெண்டிகோஸ்டில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. முன்னால் போகும் வண்டியின் சக்கரம் எவ்வளவு முழுகுகிறது என்று கரையில் நின்றே பார்த்துக்கொள்ள வேண்டும்.

டார்வின் இருக்கும் வட பிரதேசத்தில் (நார்தர்ன் டெரிட்டரி) உப்புநீர் முதலையை வேட்டையாடுவதற்கு 1971-ல் தடை வந்தது, அதன்பின் அவற்றின் எண்ணிக்கை பெருகிவிட்டது. ஒவ்வொரு மழைக்காலமும் முடிந்தபின், பூங்கா ஊழியர்கள் லிட்ச்ஃபீல்டின் குளங்களைத் தேடிப் பார்த்த பிறகே குளிக்கத் திறந்துவிடுவார்கள். அப்படியிருந்தும் 2023 ஜூலையில், திறந்திருந்த வாங்கை அருவிக் குளத்திலேயே ஒருவரை முதலை கடித்தது. அதற்காக அந்தப் பக்கமே போகாதீர்கள் என்று சொல்லவில்லை. சின்னப் பிள்ளைகளோடு போனால் வாங்கையின் பெரிய குளத்தை விட்டுவிட்டு பூலி ராக்ஹோலுக்குப் போங்கள். படிப்படியாக இறங்கும் பாறைத் தொட்டிகள், ஒன்றிலிருந்து அடுத்ததற்கு வழியும் நீர். ஆழம் குறைந்த தொட்டியாகப் பார்த்து உட்காரவைத்தால் நாலு வயதுப் பிள்ளையும் அரை நாள் அசையாது. அங்கேயும் அறிவிப்புப் பலகையைப் பார்க்காமல் இறங்கக் கூடாது.

கரிஜினியில் முதலையே கிடையாது. தாயாக எனக்கு இது பெரிய நிம்மதி. ஆனால் அங்கே வேறு இரண்டு ஆபத்துகள். ஒன்று குளிர்: வெயில் எட்டாத இடுக்குகளில் ஜூலை மாதத் தண்ணீர் எலும்பைக் குத்தும், மெலிந்த பிள்ளைகள் சில நிமிடங்களில் உதடு நீலம் பூத்து நிற்பார்கள். நீச்சலுக்கான ரப்பர் உடை இருந்தால் கட்டாயம் எடுத்துப் போங்கள். இன்னொன்று வெள்ளம்: தொலைவில் பெய்த மழை இடுக்குக்குள் திடீரென்று பாய்ந்து வரும். 2004-ல் ஹான்காக் இடுக்கில், அடிபட்டவரைக் காப்பாற்ற இறங்கிய மீட்புத் தொண்டர் ஒருவர் அப்படித்தான் உயிரிழந்தார். மேகம் கூடினால் இறங்காதீர்கள், உள்ளே இருந்தால் ஏறிவிடுங்கள்.

பிள்ளைகளின் காலுக்கு எது தோது? டேல்ஸ் இடுக்கில் இரும்புப் படிகள் இருக்கின்றன. ஃபோர்டெஸ்க்யூ அருவிக்கு இறங்கி, அங்கிருந்து சில நிமிடம் நடந்தால் ஃபெர்ன் மடு. அத்திமர நிழல், நடுவே தாழ்வான அருவி, மரப் பலகைத் தளத்தில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டால் குட்டி மீன்கள் வந்து விரலைக் கொத்தும். இந்த மண்ணின் பூர்வகுடிகளான பஞ்சிமா மக்களுக்கு இது புனிதமான நீர்நிலை. கத்தக் கூடாது, குதிக்கக் கூடாது, மெல்ல இறங்க வேண்டும். இதைப் பிள்ளைகளுக்கு மேலேயே சொல்லிக் கூட்டிப்போனால் அவர்களே ஒருவருக்கொருவர் விரலை வாயில் வைத்துச் சைகை காட்டிக்கொள்வார்கள். வீனோ, ஹான்காக் இடுக்குகள் வேறு கதை. சுவரில் இரு கைகளையும் ஊன்றி, கால்களை அகட்டி, ஓடும் நீரின்மேல் நகர வேண்டிய இடமெல்லாம் உண்டு. பத்து வயதுக்குக் கீழே வேண்டாம். சுமார் 250 கோடி ஆண்டுப் பழமையான இரும்புப் பாறை, நனைந்தால் வழுக்கும்.

கிப் பாதையில் டிமாலுரு என்கிற டனல் கிரீக்கை மறக்க முடியாது. மலைக்கு அடியில் 750 மீட்டர், கையில் டார்ச்சோடு முழங்கால் தண்ணீரில் நடக்க வேண்டும். தன் மண்ணைப் பிடுங்கியவர்களை எதிர்த்துப் போராடிய புனுபா என்ற பூர்வகுடியின் வீரர் ஜண்டமரா இங்கேதான் ஒளிந்திருந்தார், 1897-ல் இங்கேதான் கொல்லப்பட்டார். இதை எந்த வயதுப் பிள்ளையும் கேட்க வேண்டும். பெல் இடுக்கின் அடுக்கு அருவியும் மேனிங் மடுவும் அருமை, ஆனால் வெயிலில் நடந்து, பாறை ஏறி இறங்கித்தான் போக முடியும்.

காத்ரின் பக்கம் நடையே குறைவு. லெலின் என்கிற எடித் அருவியில் முகாமிலிருந்து கூப்பிடு தூரத்தில் குளம். மட்டரங்காவில் 34 டிகிரி வெந்நீர் ஊற்று, தாத்தா பாட்டி கூட வந்தால் அவர்களை அங்கிருந்து கிளப்புவதுதான் கஷ்டம்.

முகாம் வசதி, பெட்ரோல் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. டேல்ஸில் மின்சாரம் இல்லை, குழிக் கழிப்பறைதான். கிப் பாதையில் எரிபொருள் கிடைக்கும் இடங்கள் வெகு சில, விலையும் எகிறும். டார்வின் பக்கம் இரண்டு கவலையும் இல்லை.

ஆக, ஆறு வயதுக்குக் கீழே பிள்ளை இருந்தால் லிட்ச்ஃபீல்டும் காத்ரினும். எட்டு வயது தாண்டி, நீந்தத் தெரிந்தால் யோசிக்காமல் கரிஜினி. மூன்றில் என் மனசு அங்கேதான் இருக்கிறது, சாதாரணக் கேரவனோடு அவ்வளவு ஆழத்துக்குப் போய்வர வேறு இடம் இல்லை. கிப் பாதையைப் பிள்ளைகள் பதின்ம வயதுக்கு வரும்வரை தள்ளிப்போடலாம். பொறுக்க முடியாதவர்கள் கேரவனைக் குனுனுராவில் நிறுத்திவிட்டு, கூடாரத்தோடு கிழக்கு முனையில் மட்டும் நுழையலாம். எம்மா இடுக்கும் ஜெபடீ வெந்நீர் ஊற்றும் அந்தப் பக்கம்தான். ஜெபடீயை நண்பகலோடு மூடிவிடுவார்கள், காலையிலேயே போய்விடுங்கள்.

கரிஜினி போகிறவர்கள் கவனிக்க: பக்கத்தில் விட்டனூம் என்று ஒரு பழைய சுரங்க ஊர். நீல ஆஸ்பெஸ்டாஸ் தோண்டி 1966-ல் மூடிய இடம், கழிவு இன்னும் அங்கேயே கிடக்கிறது. அங்கும் அழகான மடு இருக்கிறது என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். அந்தத் தூசு நுரையீரலுக்குள் போனால் புற்றுநோய் வர எத்தனையோ ஆண்டுகள் ஆகலாம். அப்புறம், பள்ளி விடுமுறைக்கு டேல்ஸ் முகாம் பல மாதங்களுக்கு முன்பே நிரம்பிவிடும். முகாமில் இடம் கிடைத்த பிறகு அலுவலகத்தில் விடுப்புக் கேளுங்கள்.